கல்லெறியாதே, ஓடாதே, கிட்டே போகாதே

கணக்கு வாத்தியார்கள் பாக்கியசாலிகள். இரண்டும் இரண்டும் நாலு என்று சொன்னால், எந்தப் பிள்ளையும் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்து பார்த்துவிட்டு மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பதில்லை.

அறுபதுகளின் கடைசியிலிருந்து எழுபதுகளின் நடுவரை ஒரு ஜீவகாருண்ய சங்கத்தில் பிரசாரகியாக இருந்தேன். தாம்பரத்தில் ஜாகை. பல்லாவரத்திலிருந்து பொத்தேரி வரைக்கும் உள்ள பள்ளிக்கூடங்களுக்குப் போய், பிராணிகளை வதைக்கக் கூடாது, அவற்றிடம் கடிபடவும் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். கையில் சுருட்டிய படங்கள், தோளில் பை, மழையோ வெயிலோ ஒரு குடை. பாடத்தைச் சங்கத்துச் செயலாளர் மூன்றாகச் சுருக்கிக் கொடுத்திருந்தார்: கல்லெறியாதே, ஓடாதே, கிட்டே போகாதே. டிராயிங் மாஸ்டர் லீவு போட்ட பீரியடுதான் எனக்குக் கிடைக்கும். அந்தப் பீரியடில் வகுப்பு எப்படி இருக்கும் என்று, சாக்பீஸ் பிடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மரம்

தெருநாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடக் கூடாது, ஓடினால் துரத்தும். கையை உடம்போடு ஒட்டி வைத்து, நாயின் கண்ணைப் பார்க்காமல், மரம் மாதிரி நிற்கவேண்டும். மோந்து பார்த்துவிட்டு அதுவாகப் போய்விடும். இரும்புலியூரில் ஒரு பள்ளிக்கூடத்து முற்றத்தில் இதை ஒத்திகையே பார்த்தோம். ஒரு பிள்ளை நாய், மற்றவர்கள் மரம். எல்லாரும் நாயாக இருக்கத்தான் ஆசைப்பட்டார்கள். மரத்துக்கு ஆள் பிடிப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அடுத்த வாரம் போனபோது ஐந்தாம் வகுப்பு சாமுவேலின் அம்மா வாசலில் காத்திருந்தார். ஜி.எஸ்.டி. ரோடு டீக்கடை நாய் எதிரே வந்திருக்கிறது. கூட வந்த பையன்கள் எல்லாம் ஓடிவிட, சாமுவேல் மட்டும் நான் சொன்னபடி கையை ஒட்டி, கண்ணைத் தாழ்த்தி நின்றிருக்கிறான். நாய் மோந்து பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு காலைத் தூக்கியது. எப்போது நகரலாம் என்று நான் சொல்லித் தரவில்லையாம். அதனால் அது முடிக்கும் வரை அவன் அசையவில்லை. இருப்பதே ஒரு காக்கி நிக்கர், அதைத் துவைத்துக் காயவைத்து அனுப்புவதற்குள் மணி அடித்துவிட்டது என்று அம்மா என்னிடம் சண்டை பிடித்தார். சாமுவேலுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பெருமை தாங்காமல் அவன் என்னிடம் சொன்னது: "டீச்சர், நாய் நெஜமாவே என்ன மரம்னு நம்பிடுச்சு."

கருணை ஏறும் விதம்

முடிச்சூர் பக்கத்தில் ஒரு தலைமையாசிரியர், நல்ல மனிதர். என்னை வரவேற்க ஹாலில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார். முன்னால் மூன்று பையன்கள் மட்டும் நின்றார்கள். பள்ளிக்கூடத்து நாயின் வாலில் பழைய டால்டா டப்பாவைக் கட்டி ஓடவிட்டவர்களாம். நான் படத்தைப் பிரித்து ஆணியில் மாட்டுவதற்குள் ஆளுக்கு இரண்டு பிரம்படி விழுந்துவிட்டது. படத்தில் ஒரு சிறுமி கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் மூன்று பேர் கையை அக்குளில் வைத்துக்கொண்டு தேம்பினார்கள்.

அடிபட்டால் பிராணிகளுக்கும் வலிக்கும் என்பதுதான் அன்றைய பாடம். நான் மாட்டிய படத்தையே மறுபடி நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் பிரம்பை மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்போடு சொன்னார்: "ஆரம்பிங்கம்மா. இப்ப சொன்னா கருணை நல்லா ஏறும்."

கல் வண்டி

பல்லாவரத்துக் குவாரிகளிலிருந்து கருங்கல் ஏற்றிவரும் மாட்டுவண்டிகளைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. பள்ளிக்கூடத்துக்கு அருகே ஒரு மேடு. அங்கே வந்ததும் மாடுகள் முட்டி போட்டுவிடும். வண்டிக்காரரைத் திட்டலாமா என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அவர்மேல் கல்லெறியலாமா என்று ஒருவன் கேட்டான். அதற்கும் வேண்டாம் என்றேன். கஷ்டப்படும் ஜீவனுக்கு முடிந்த ஒத்தாசை செய்யுங்கள், அது போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிள்ளைகள் நிஜமாகவே செய்தார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் மேட்டடியில் போய் நின்று, கல் வண்டி வந்தால் பின்னாலிருந்து தள்ளினார்கள். செயலாளர் இதைக் கேட்டுப் பூரித்துப் போனார். நானும்தான். என் பாடம் ஒரு இடத்திலாவது பலித்ததே என்று, ஒருநாள் கண்ணால் பார்க்கவே போனேன். வண்டியில் கல் குவிந்து கிடந்தது. மாடுகளின் வாயில் நுரை. பிள்ளைகளுக்கு அதைவிட மோசமாக மூச்சு வாங்கியது. ஒரு பெண்ணுக்கு முழங்கால் சிராய்த்து ரத்தம். வண்டி மேடேறியதும் இத்தனை பாரம் ஏன் என்று வண்டிக்காரரைக் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. என்னைப் பார்த்ததும் கீழே இறங்கி, பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு மரியாதையாகத்தான் சொன்னார்: "மாடு மட்டும் இஸ்த்தா இம்மாம் லோடு ஏறாது டீச்சர். புள்ளைங்க தள்ளிகினு வருதுங்களேன்னுதான் சேத்து ஏத்துறேன்."

பரிசு வாங்கிய ஆடு

வீட்டுப் பிராணியை நன்றாகப் பராமரிக்கும் பிள்ளைக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு. இது செயலாளரின் யோசனை. வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் கால்களின் வேலை. அந்த வருஷம் சேலையூர்ப் பக்கம் ரோஸி என்ற பெண்ணுக்குக் கொடுத்தேன். அவள் வளர்த்த கிடாவுக்கு நிழலில் கொட்டகை, வேளாவேளைக்குத் தண்ணீர். கழுத்தை அறுக்கும் தேங்காய்நார்க் கயிற்றுக்குப் பதில், அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துப் பின்னிய கயிறு. பாடத்தில் நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. ஆடு அவள் பின்னாலேயே நடந்தது.

கிறிஸ்துமஸுக்கு ரோஸியின் அப்பா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். எங்கள் சபைக்காரர்தான், தட்ட முடியாது. போனேன். கொல்லையில் கை கழுவும்போது ஆட்டைத் தேடினேன். கொட்டகையில் அந்தச் சேலைக் கயிறு மட்டும் ஆணியில் தொங்கியது. இலையில் உட்கார்ந்தபோது ரோஸி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அழவில்லை. இலையில் விழுந்த துண்டுகளை எல்லாம் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். நானும் குனிந்தபடி அதையே செய்தேன். ரோஸியின் அம்மா என் இலையைப் பார்த்துவிட்டு, கரண்டியோடு ஓடிவந்தார்: "நீங்க சொன்னபடி வளத்ததாலதான் டீச்சர் கறி இவ்வளவு மெத்துனு இருக்கு. கூச்சப்படாம சாப்பிடுங்க."

வசந்தா

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை யாரிடம் சொன்னாலும் பாதியில் என்னை நிறுத்தி அதைத்தான் கேட்கிறார்கள்.

பெருங்களத்தூரில் ஏழாம் வகுப்பு படித்தவள். நான் போகும் நாட்களில் முதல் பெஞ்சில் உட்காருவாள். ஒருநாள் பின் பெஞ்சுக்குப் போயிருந்தாள். பாவாடையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். நாய்க்கடி பாடம்தான் அன்றைக்கு. கடித்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவு, சுண்ணாம்பும் மிளகாயும் வைக்காதே, பெரியவர்களிடம் சொல், ஊசி போட்டுக்கொள் என்று நான் சொல்லச் சொல்ல அவள் தலை கீழே போனது. மணி அடித்த பிறகு பக்கத்துப் பெண் மெதுவாக வந்து சொன்னாள்: வசந்தாவை ஒரு நாய்க்குட்டி கடித்து ஒரு வாரம் ஆகிறது.

ரயில்வே லைன் ஓரத்துக் குட்டி. தாய் இல்லை. தினமும் தன் மத்தியானச் சோற்றில் ஒரு உருண்டை எடுத்துப்போய் வைத்திருக்கிறாள். குட்டி எங்கே என்று கேட்டேன். மூன்று நாளாகச் சாப்பிடாமல், வாயில் எச்சில் ஒழுக, மதகுக்குள் போய்ப் படுத்ததாம். முந்தின நாள் செத்துவிட்டதாம். வெறிநாய்க்கு நான் பாடத்தில் சொல்லும் அடையாளங்கள் அத்தனையும் அதில் இருந்தன. அவளை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் அம்மா பூக்கட்டி விற்பவர். சின்னக் குட்டி கடித்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, மந்திரித்துக் கயிறு கட்டினால் போதும் என்றார். மந்திரிக்கிறவர் மந்திரிக்கட்டும், ஊசியும் போடுவோம் என்று கெஞ்சி, அன்றைக்கே எலெக்ட்ரிக் ரயில் ஏறிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி. தினமும் ஒன்று. ஒருநாள் அம்மா, ஒருநாள் நான் என்று மாறி மாறிப் போனோம். வயிறு வீங்கி, ரயிலில் உட்கார முடியாமல், என் மடியில் தலை வைத்து ஒருக்களித்துப் படுத்திருப்பாள். ஊசியெல்லாம் முடியும் வரை, முடிந்த பிறகும் பல நாள், அவளைப் பார்க்கும்போதெல்லாம் நான் தண்ணீர் டம்ளரை நீட்டுவேன். தாகமில்லை என்பாள். ஒரு வாய் குடி என்பேன். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். ஏன் தண்ணீர் தருகிறேன் என்று அவள் கேட்கவே இல்லை. தெரிந்திருக்கும், வெறி கண்டவர்களுக்குத் தண்ணீர் இறங்காது என்று பாடத்தில் நான்தானே சொல்லியிருந்தேன்.

கடைசி ஊசி அன்றைக்குத் திரும்பி வரும்போது, கோபமில்லாமல்தான் கேட்டேன். கடித்த அன்றைக்கே ஏன் யாரிடமும் சொல்லவில்லை? அவள் எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். மீனம்பாக்கம் தாண்டியது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "சொல்லியிருந்தா அன்னிக்கே குட்டியை அடிச்சுக் கொன்னிருப்பாங்க மிஸ். அன்பா இருன்னும் சொன்னீங்க, கடிச்சா சொல்லுன்னும் சொன்னீங்க. நான் எதக் கேக்கறது?"

இத்தனை வருஷப் பிரசாரத்தில் நான் சொன்னதைக் காதில் வாங்காத பிள்ளைகளால் எனக்கு ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லை. சொன்னபடி கேட்ட நாலைந்து பேரால்தான் நான் தூக்கம் கெட்டேன்.