குட்டையில் போட்ட கல்யாண அரிசி

அன்று குட்டைக்கரையில் இருந்தது என் அக்காள். அவள் புருஷன், தோட்டத்தில் ரப்பர் ஷீட் போடுகிறவர், எனக்கு மாமா. எனக்கு நிச்சயம் பண்ணியிருந்தவர். அப்புறம் நான்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தில் அரிசியைக் கண்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவான். தினமும் மரவள்ளிதான். என் கல்யாணத்துக்கு ஒரு வேளை சோறு போட்டே தீருவேன் என்று அக்காள் பிடிவாதம். பிடிபிடியாகச் சேர்த்து முக்கால் மண்ணெண்ணெய் டின் தேற்றினாள். மாமா மூடிமேல் ஷீட் வைத்து, ரப்பர் பால் பூசி ஒட்டினார். கல் கட்டி, ஈயம் தோண்டின பழைய குட்டையில், ஓரத்து முழங்கால் தண்ணீரில் ஒளித்தோம். பிறகு திறந்து பார்த்தால் பொட்டு ஈரம் இல்லை.

சிப்பாய்கள் அந்த ஓரத்தில் குளிக்க வர ஆரம்பித்தார்கள். அதனால் அன்று காலை டின்னை நடுவுக்கு மாற்றினோம்.

"இங்க தாங்கினது அங்கயும் தாங்கும். தண்ணி ஒரே தண்ணிதான்" என்றார் மாமா.

எனக்கு நிச்சயம் பண்ணியிருந்தவர் வாழைத்தண்டில் டின்னை வைத்து நீந்திப்போய் நடுவில் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் அடியில் டொம்மென்று சத்தம். குமிழி குமிழியாக மேலே வந்தது.

கயிற்றோடு முங்கினார். பாதியில் காதைப் பொத்திக்கொண்டு எழும்பினார்.

"கீழ போகப் போக அமுக்குது."

"காது போனாப் போகுது தம்பி. எந் தங்கச்சி பேசுறவ இல்ல" என்றாள் அக்காள்.

அவருக்குச் சிரிப்பில் தண்ணீர் புரையேறியது. மறுபடி முங்கிக் கட்டினார். இழுத்தோம். டின் நாலு பக்கமும் நசுங்கி, மாடு மிதித்த மாதிரி வந்தது. ஒட்டு பிய்ந்து அரிசி நனைந்திருந்தது. ஓரத்தில் அதன்மேல் முழங்கால் தண்ணீர். நடுவில் மூன்று ஆள் தண்ணீர். அவ்வளவு கனத்துக்குத் தகரம் என்ன செய்யும்.

"காயப்போடலாம்" என்றார் மாமா.

"எங்க? சிப்பாய் மூக்குக்கு முன்னாலயா?" என்றாள் அக்காள். நனைந்த அரிசி நாளைக்குத் தாங்காது.

"அப்ப இன்னிக்கே தாலி கட்டிடுறேன்" என்றார் அவர்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"சரி" என்றேன்.

அக்காள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. ஈர அரிசியைச் சேலையில் முடிந்துகொண்டு ரப்பர் மரங்களுக்குள் ஓடினோம். தலை சுற்றியது. பசியா சந்தோஷமா தெரியவில்லை.

மஞ்சள் கிழங்குதான் தாலி. எங்களை வேலை வாங்குகிற மண்டோர் "கட்டுப்பா" என்றார். மாப்பிள்ளை "என்ன?" என்றார். காது இன்னும் திறக்கவில்லை. குலவை போடப் பயந்து பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். சோறு சீக்கிரம் வெந்தது. லயமே வந்துவிட்டது.

சாப்பிட்டது அறுபத்து மூன்று பேர்.