வேர் என்றால் எங்கே

ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் வாசல்மணி கரகரத்தது. மகள் கீழ்வாசலோடு பேசும் சுவர்ப்பேசியை எடுத்து, "வேர்?" என்றாள். ஜெர்மன் மொழியில் அதற்கு 'யார்' என்று பொருள்.

என் சின்ன வயதில் இதே கட்டடத்தின் மேல்மாடியில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருந்தார். எங்களுக்கு அவர் மாஸ்ரர். சாவி கையில் இருந்தாலும் மாலையில் கீழே நின்று வீடு வீடாக மணியடிப்பார். "வேர்?" என்று கேட்டால் அதை ஆங்கிலமாக எடுத்துக்கொண்டு, "எங்கையோ? உங்கடை வாசலிலைதான் நிக்கிறன்" என்பார். ஈரக் கோட்டின் வாசமும் சிரிப்பும் படியேறி வரும். அம்மா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்.

மாஸ்ரர் இறந்து பல வருடங்கள்.

"ஒருத்தரும் கதைக்கேல்லையப்பா," என்றாள் மகள்.

"இன்னொருக்காக் கேளம்மா," என்றேன்.