ஏலக்காரியின் தாடை

ஐஸ்காரனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. என் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் என்னடாவென்றால் இன்னும் மீன் கூடத்து வாசலில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து ஐஸ் உடைத்துக்கொண்டிருக்கிறான்.

அக்கா மீன் ஏலம் கூறியவள். ஆண்கள் மட்டுமே ஏறிய மேடை அது. அவள் புருஷன், என் மாமா, இறந்ததும் அவர் இடத்தில் ஏறி நின்றாள், இறங்கவில்லை. படகுக்காரர்கள் கூடையை இறக்குவார்கள், நான் எடை போடுவேன், அவள் கூவுவாள். ஆலைச் சங்கு ஊதினாற்போல் இருக்கும். அவளுக்குப் பேரே 'சங்கு' என்று ஆகிப்போனது.

ஈறு கெட்டு, பல்லெல்லாம் ஆடி, ஒன்று பாக்கியில்லாமல் எடுத்தாயிற்று. கட்டின பல்செட்டில் மேல்பாதி ஒட்டிக்கொண்டது. கீழ்ப்பாதி நிற்கவேயில்லை. ஒருநாள் விலை சூடாக ஏறிக்கொண்டிருந்தபோது அது எகிறிப்போய் மீன் கூடைக்குள் விழுந்தது.

"பல்லுக்கும் சேர்த்து விலை கேக்கலாமா?" என்றான் ஐஸ்காரன்.

கூடமே சிரித்தது. அக்கா பதிலுக்குத் திட்டினாள். அது கொழகொழவென்று வந்து விழ, இன்னும் சிரித்தார்கள். அன்றிலிருந்து 'ஓட்டைச் சங்கு'. அதோடு விட்டானா? தன் மருமகனை மேடையில் ஏற்றச் சொல்லி வியாபாரிகளைத் தாஜா பண்ண ஆரம்பித்தான். மழை ஓய்ந்து படகுகள் மறுபடி கடலில் இறங்கும்போது பார்க்கலாம் என்று அவர்களும் தலையாட்டினார்கள்.

அக்கா அழவில்லை. நேரே பல் டாக்டரிடம் போனாள்.

"ஆடாத பல்லா வேணும். திருகு வச்சு முடுக்குவீங்களாமே, அது."

"பல் போய் ரொம்ப நாளாச்சும்மா. எலும்பு கரைஞ்சிருக்கும். கோன் பீம் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். ஆனா நம்பிக்கை வச்சுக்காதீங்க."

"நம்பிக்கையை நான் வச்சுக்கறேன். நீங்க படத்தை எடுங்க."

ஸ்கேன் அறையில் மோவாயைத் தாங்கியில் வைத்து, தலையை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தினார்கள். இயந்திரத்தின் கை தலையை ஒரு சுற்றுச் சுற்றி வரும். அது வரை அசையக் கூடாது, பேசக் கூடாது, எச்சில்கூட விழுங்கக் கூடாது என்றாள் படமெடுக்கும் பெண். கை பாதி வழி வந்திருக்கும். "முடிஞ்சுதாம்மா?" என்றாள் அக்கா. படம் கலங்கிப்போனது.

"பொறந்ததுலேர்ந்து அவ வாயை மூடினதில்லை, தங்கச்சி. நீ வேற!" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"நீ மூடுடா முதல்ல!"

மறுமுறை கல்லாக நின்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னை முறைத்தபடியே நின்றாள்.

டாக்டர் அவள் தாடையைத் திரையில் ரொட்டி அறுப்பதுபோல் துண்டு துண்டாக்கிக் காட்டினார். பின்பக்கம் எலும்பு கத்தி முனை மாதிரி தேய்ந்திருந்தது. மோவாய்க்கு மேலே வந்ததும் நிறுத்தினார்.

"முன்னால ரெண்டு இடத்துல உயரமும் அகலமும் போதும். கெட்டியாவும் தெரியுது. கெட்டியை மட்டும் இந்தப் படம் உத்தேசமாத்தான் சொல்லும். துளை போடுறப்பதான் உறுதியாத் தெரியும்."

"போடுங்க."

"இருங்கம்மா. தாடையோட கீழ் விளிம்பு மெலிஞ்சிருக்கு. மத்த எலும்பும் இப்படி இருக்கலாம். இடுப்பெலும்பையும் ஒருதரம் சோதிச்சுடுங்க."

"இடுப்பாலயா நான் ஏலம் கூவுறேன்?" என்றாள் அக்கா.

துளை போட்டபோது எலும்பு திருகைக் கவ்விப் பிடித்தது என்றார் டாக்டர். மழைக்காலம் முழுக்கக் கஞ்சி குடித்துக்கொண்டு புண் ஆற்றினாள். பிறகு கீழ்ப் பல்செட்டை அந்த இரண்டு திருகின் மேல் வைத்து அமுக்கினால் 'டக்'கென்று உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தாள், தும்மிப் பார்த்தாள், என்னைத் திட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

படகுகள் திரும்பிய அன்று மேடையில் ஐஸ்காரனின் மருமகன் நின்றுகொண்டிருந்தான். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பக்கத்திலேயே ஏறினாள்.

"இறங்க வேணாம் மாப்பிள்ளை. நீங்களும் கூவுங்க, நானும் கூவுறேன். யாருக்குக் கை தூக்குறாங்கன்னு பார்ப்போம்."

முதல் கூடை முடிவதற்குள் அவன் தானாக இறங்கிவிட்டான். ஐஸ்காரன் குனிந்த தலை நிமிராமல் ஐஸ் உடைத்தான்.

நல்லாத்தான் ஓடியது. இடுப்பைச் சோதிக்கப் போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் 'பார்க்கலாம்' என்றாள். அப்புறம் ஒரு காலையில் கூடத்து ஈரத் தரையில் வழுக்கி உட்கார்ந்தாள். லேசாகத்தான் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. "எலும்புல ஒண்ணுமில்லை, தரை சரியில்லை" என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, "பல்லைக் கழட்டிக் கொடுங்கம்மா, உள்ளே கூடாது" என்றாள் நர்ஸ். யார் கண்ணிலும் படாமல் கழற்றுகிறவள், அன்று என் எதிரிலேயே மேலும் கீழும் கழற்றி என் கையில் திணித்தாள். சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள். அவள் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி. குழறலாகத்தான் வந்தது. ஆனாலும் ஒரு சொல்கூட எனக்குத் தப்பவில்லை.

"டப்பாக்குள்ள போட்டு மூடி வைக்காதேடா. நேராக் கொண்டுபோய் மேடை மேல வை. வச்சுட்டுப் பக்கத்துலயே நில்லு. எவன் ஏறுறான்னு பார்ப்போம்."