திரையின் இரண்டாவது வரி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒற்று வர வேண்டிய இடத்தில் வராது. சேலத்து மலையிலுள்ள கொட்டச்சேட்டில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஸ்கட்டில் கோடையில் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் வெந்நீர்க் குழாயைத்தான் திறக்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டியில் வெயில் காய்ச்சிய தண்ணீர் மற்றக் குழாயில் கையைச் சுடும். அணைத்து வைத்த ஹீட்டருக்குள் நிற்கும் தண்ணீர்தான் ஆறியிருக்கும். மார்கழியில் குழாயைத் தொடப் பயப்படும் மலையில் பிறந்தவன் நான். மூன்று வருடமாகியும் கை முதலில் தவறான குழாய்க்கே போகிறது.

இங்கே ஒரு காப்பிக்கொட்டைக் கிடங்கில் வேலை. நிறம் பார்த்துக் கருப்புக் கொட்டையைத் தள்ளிவிடும் மெஷினை ஓட்டுகிறேன். ஊரில் எஸ்டேட்டில் இதே மெஷினை ஓட்டியதால்தான் விசா கிடைத்தது. அதன் புரோகிராம் மிகப் பழையது, புதிய கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல் ஆக்கும் ஒரு மென்பொருளைப் போட்டு, அதற்குள் ஓட்டுகிறார்கள். அந்த மென்பொருளுக்கும் வெளிக் கம்ப்யூட்டரின் கெர்னலுக்கும் ஒத்துப்போக வேண்டும். கெர்னல் என்பது சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுந்து மற்றதையெல்லாம் எழுப்பும் பகுதி. எஸ்டேட்டுக்கு வந்த சேலத்து இன்ஜினியர் இதைச் சொன்னபோது நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

போன மாதம் ஒரு காலை, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. சிவப்பு எழுத்து வந்து நின்றது. எனக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பது இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். மகள் சேலத்தில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

சூப்பர்வைசர் சாலிம் நல்ல மனிதர், ஓமானி. சிரித்துக்கொண்டே வந்தார்.

"எஸ்டர்டே மீ அப்டேட். நியூ! குட்!"

எனக்கு உதவுவதாக நினைத்து அவரே செய்திருக்கிறார். கெர்னல் புதிதாகிவிட்டது, மென்பொருள் பழையதாகவே நிற்கிறது.

"ஓல்டு... ஓல்டு வாண்ட்," என்றேன்.

அவர் யோசித்துவிட்டு, ஸ்டோர் ரூமிலிருந்து தூசி படிந்த ஒரு பழைய கீபோர்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, எஸ்டேட்டில் இப்போது என் வேலையைப் பார்க்கும் பெரியசாமிக்குப் போன் போட்டேன். ஒரு மழைக்காலத்தில் அங்கேயும் இதேபோல் நின்றது. இன்ஜினியர் சரிசெய்து காட்டியதை நான் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். பயத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஏனுங்ணா, கொரலு ஏன் இப்படி கெணத்துக்குள்ள இருந்து வருது?"

"சீட்டு இருக்குதா சாமி? சீக்கிரம் படி."

"இதைப் படிக்கறதுங்களா? நீங்க எழுத்தையெல்லாம் படமாட்டம் வரஞ்சு வெச்சிருக்கீங்க. இருங்க... ஆப் பண்ணி ஆன் பண்ணோணுமுங்க. கருப்புல ரெண்டு வரி வரும். மேல் வரி ஆகாது. பத்து எண்றதுக்குள்ள கீழ் அம்பை அமுக்கி, கீழ் வரியில என்டருங்க. அவ்வளவுதானுங்க. அதுக்கா நொம்ப பயந்துட்டீங்க?"

அப்படியே செய்தேன். பழைய கெர்னல் எழுந்தது, உள்ளே இருந்த கம்ப்யூட்டரும் திறந்தது, கொட்டைகள் ஓடின. சாலிம் என் தோளைத் தட்டி, "இன்ஜினியர்!" என்றார். அந்தச் சொல்தான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் பெரியசாமி, சேலத்து இன்ஜினியரைக் கேட்டுச் சொன்னான். கம்ப்யூட்டரில் இடம் போதாமல் போனால் அப்டேட் பழைய வரியை அழித்துவிடுமாம். அந்த மென்பொருளைச் செய்கிறவர்கள் பழைய கெர்னல்களையும் மறக்காமல், அவற்றோடும் ஒத்துப்போகும்படியே ஒவ்வொரு பதிப்பையும் செய்து வருவார்களாம். என்றாவது போதுமென்று நிறுத்திவிடுவதும் உண்டாம். எந்த ஊரிலோ இருக்கும், முகம் தெரியாத அவர்களுக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஆங்கிலம் படிக்க வராது என்ற உண்மையைச் சாலிமிடம் சொல்ல இரண்டு முறை அவர் அறைக்கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன். கீபோர்டு மேசையிலேயே இருக்கிறது. எனக்குப் பிடித்ததென்று அவர் நம்புகிறார். தினமும் காலையில் சுவிட்சைப் போட்டதும் கருப்புத் திரையில் இரண்டு வரிகள். மேலே புதியது, கீழே பழையது. பக்கத்தில் எண் பத்திலிருந்து குறைந்துகொண்டே வருகிறது. குழாயில் தவறும் கை இங்கே தவறக்கூடாது. நான் ஒன்றும் செய்யாமல் நின்றால் மேல் வரிதான் எழும்.

எழுதி முடித்த நாள்: ஊரில் ஆவணி மூன்று, இங்கே ஆகஸ்ட் பத்தொன்பது.