எண்ணெய்த் தாங்கிகள் எரியும் பகல்

கொழும்புக்குக் கிழக்கே புலிகள் தாக்கிய எண்ணெய்த் தாங்கிகள் எரிகின்றன. கொட்டாஞ்சேனைக்குப் போகும் எங்கள் பஸ்ஸை கிராண்ட்பாஸில் மறித்துவிட்டார்கள். எல்லோரும் இறங்கி நிற்கிறோம். சட்டையில் விழும் கரியைத் துடைத்தால் பிசுபிசுவென்று பரவுகிறது.

பக்கத்தில் நிற்கும் பிலோமினா என்ற பெண் நான் கேட்காமலே சொல்கிறார்: "என்ட அவர் அங்கதான் வேலை. எரியாத டேங்க்ட வால்வை மூட உள்ள போனாராம். பிறகு ஒரு செய்தியும் இல்ல."

வேலையாட்களை ஏற்றிய லொறி வந்து நிற்கிறது. பிலோமினாவின் கணவருடன் வேலை செய்யும் சிங்களவர் ஒருவர் இறங்கி அவரிடம் வருகிறார்.

"அக்கா, உங்கட யோசேப் அய்யே உயிரோட இருக்கு. வால்வ் மூடினது அவர்தான். வெளிய வந்ததும் பொலிஸ் கொண்டு போனது. தமிழ்தானே."

பிலோமினா நெஞ்சில் சிலுவை வரைந்துகொள்கிறார். உடனே பொலிஸ் நிலையத்துக்குப் புறப்படுகிறார்.

"நானும் வாறன் அக்கா," என்கிறேன்.

என் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு நிற்கிறார்.

"வேணாம் தம்பி. இப்படிக் கதைச்சா உங்களையும் பிடிப்பாங்க. வாய் திறக்காம போங்க."

அந்தச் சிங்களவரோடு அவர் நடக்கிறார். வெகுநேரத்துக்குப் பிறகு பஸ் நகர்கிறது. என்ன நடந்தது என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறார். தமிழில்தான் கேட்கிறார். தெரியாது என்று நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன்.