யூசுப்பின் கால்குலேட்டர்

பிடோக் நூலகத்தில் யூசுப்புக்கு கார்ப்பரேட் ஃபைனான்ஸ் சொல்லிக்கொடுத்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. நானே அந்தப் பாடத்தில் ஒருமுறை கோட்டைவிட்டு, இப்போது அவன் வகுப்பில் மறுபடி படிப்பவன். அவன் ஒரே கணக்கை ஆறு முறை போட்டான். ஆறு முறையும் தப்பு.

“மூளைய வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா லா?” என்றேன்.

“எனக்கு வராது டா. நாளைக்கே இந்தப் பாடத்த டிராப் பண்ணிடுறேன்.”

எரிச்சலில், வட்டிக் கணக்குகளைத் தானே போடும் அவன் ஃபைனான்ஸ் கால்குலேட்டரைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆண்டின் கடைசியில் வரும் பணத்தை அது ஆண்டின் தொடக்கத்திலேயே வருவதாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. போன வாரம் வகுப்பில் விளையாட்டுக்காக அதன் செட்டிங்கை அப்படி மாற்றி வைத்தவன் நான்தான். மறந்தே போயிருந்தேன்.

சொல்லிவிட்டேன். அடிப்பான் என்று நினைத்தேன்.

“அப்ப நான் மக்கு இல்லையா டா?” என்று கேட்டுச் சிரித்தான்.

அடித்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.