தம்பி வாயில் நான் வைத்த பீடி

தூத்துக்குடியில் என் தம்பி மிக்கேல் சங்கு குளிக்கிறவன். படகில் இருந்து அவன் கயிற்றைப் பிடிப்பது நான். அவன் நடுங்கிக்கொண்டு மேலே வந்ததும், கை ஈரமாக இருக்குமே என்று, பீடியை நானே பற்றவைத்து அவன் வாயில் வைப்பேன். எங்கள் படகுகளில் அதுதான் வழக்கம். முதல் பீடியை வைத்தபோது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை.

போன வருஷம் அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். "இனிப் பீடியைத் தொட்டால் வைத்தியம் பலிக்காது" என்ற டாக்டர், அப்பாவும் பிடிப்பாரா என்று என்னிடம் கேட்டார்.

"தாத்தாவும்தான் சார்."

"சில குடும்பங்களில் இந்தப் பழக்கம் ரத்தத்திலேயே வரும் போல" என்றார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அவர் போனதும் தம்பி பீடி கேட்டான்.

"ஏலே, டாக்டர் சொன்னது காதுல விழலியா? நம்ம ரத்தத்துலயே இருக்காம். நீதான் பல்லக் கடிச்சிக்கிட்டு விடணும்."

அவன் கரகரத்த குரலில் சிரித்தான். "ரத்தமா? போண்ணே! நீ வாயில பீடி வச்சாத்தான் மேல வந்த மாதிரி இருக்கும். இல்லன்னா இன்னும் கடலுக்கு அடியிலயே கெடக்க மாதிரி மூச்சு முட்டுது."

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவன் கையைப் பிடித்து, "மேல வந்துட்டலே. நான் இங்கனதான் இருக்கேன்" என்றேன். மெல்ல அவன் மூச்சு சீரானது.

இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான், இத்தனை வருஷமும் பீடியை நீட்டியிருக்கிறேன்.